ரெய்டு நோட்டு: முதல் முறையாகக் கபடி அணியைப் பொறுப்பெடுப்பவர்களுக்கு

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஊர் அணிகளில் பிடிக்கு ஆள் குறைவில்லை. சின்ன வயதிலிருந்தே ஒன்றாக ஆடிய பையன்கள், யார் கணுக்காலுக்குப் பாய்வான், யார் பின்னால் வந்து மூடுவான் என்று பேசாமலே தெரிந்து வைத்திருப்பார்கள். ரெய்டு, அதாவது பாடிக்கொண்டு எதிரணிக்குள் போவது, அப்படியில்லை. "போ தம்பி, பார்த்துட்டு வா" என்று அனுப்பிவிட்டு வெளியே நின்று கத்துவதுதான் பல அணிகளில் நடக்கிறது. நல்ல ரெய்டர் ஒருவன் இருந்தால் ஜெயிக்கிறார்கள். அவன் அவுட்டாகி வெளியே உட்கார்ந்தால் அடுத்த நான்கு நிமிடத்தில் ஆல் அவுட்.

ரெய்டுக்கும் ஒரு திட்டம் வேண்டும், அது எழுத்தில் இருக்க வேண்டும். ஆனால் முதல் சீசனில் பெரும்பாலான புதிய மாஸ்டர்கள் செய்யும் தவறு திட்டமில்லாமல் போவது அல்ல, அளவுக்கு மீறித் திட்டம் போடுவது. டிவியில் பார்த்த உத்தி எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றிவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி என்றால் 2,400 வினாடி. ஒரு ரெய்டுக்கு 30 வினாடி. இரு அணியும் முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டால் மொத்தம் 80 ரெய்டு, உங்களுக்கு 40. ஊர்ப் போட்டியில் பாதிக்கு 10 நிமிடம்தான் தருகிறார்கள் என்றால் உங்கள் பங்கு 20. மூன்று ரெய்டர்களுக்கு ஆளுக்கு ஏழு கூட வராது. அந்த ஏழு ரெய்டில் காட்ட இருபது உத்தி எதற்கு?

முதல் வருடத்துக்கு இரண்டு நுழைவு, ஒவ்வொரு நுழைவுக்கும் மூன்று முடிவு, ஒரு வெற்று ரெய்டு (பாயிண்ட் எடுக்காமல், பிடிபடாமல் திரும்புவது), ஒரு டூ ஆர் டை ரெய்டு (இரண்டு வெற்றுக்குப் பிறகு பாயிண்ட் எடுத்தே தீர வேண்டிய மூன்றாவது). இவ்வளவு போதும். மற்றதெல்லாம் இவற்றை எப்போது, யார், எத்தனை பேர் எதிரே நிற்கும்போது போடுவது என்பதுதான். நோட்டின் பெரும் பகுதி அதற்கே போக வேண்டும்.

நோட்டும் படமும்

கோடு போடாத நீள நோட்டு ஒன்று, 80 பக்கம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு இன்னும் வசதி. ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு எதிரணியின் பாதியை மட்டும் வரையுங்கள். ஆண்கள் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர் என்பதால் பாதி 6.5 செ.மீ. உயரம், 10 செ.மீ. அகலம். நடுக்கோட்டிலிருந்து 3.75 செ.மீ.யில் பால்க் லைன் (யாரையும் தொடாத ரெய்டர் தாண்டியே ஆக வேண்டிய கோடு), 4.75இல் போனஸ் லைன் (எதிரே ஆறு, ஏழு பேர் இருக்கும்போது தாண்டி ஊன்றினால் பாயிண்ட்), 6.5இல் கடைசிக் கோடு. இரு ஓரத்திலும் 1 செ.மீ. லாபி, தொட்ட பிறகே கால் வைக்கக்கூடிய பட்டை. பெண்கள் அணி என்றால் களம் 12க்கு 8. பாதி 6, பால்க் லைன் 3, போனஸ் லைன் 4.

அளவோடு வரைவதற்குக் காரணம் இருக்கிறது. போனஸ் லைனுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே 1.75 மீட்டர்தான். மூலையில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரர் அந்த இடத்துக்குள்தான் நிற்கிறார். அளவில்லாமல் கையால் இழுத்த படத்தில் அந்த இடம் அகலமாகத் தெரியும். அங்கே ரெய்டருக்கு ஓட வழி இருப்பதாகப் படம் சொல்லும், களத்தில் இருக்காது.

பயிற்சிக் களத்தையும் இதே போல் சரியாக அளந்து சுண்ணாம்பு போடுங்கள். மூலைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க முழுக் களத்தின் குறுக்கு அளவை எடுங்கள். 13க்கு 10 களத்தில் மூலைக்கு மூலை 16.40 மீட்டர் வர வேண்டும். இரண்டு குறுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் களம் கோணல். கோணல் களத்தில் கால் கணக்குப் பழகியவன் போட்டியில் போனஸ் லைனை ஒரு சாண் தவற விடுவான்.

பக்கப் பெயரில் வரும் குழப்பத்தை முதல் நாளே தீர்த்துவிடுங்கள். ரெய்டர் எதிரணியைப் பார்த்து நிற்கிறார், அவர்கள் இவரைப் பார்த்து நிற்கிறார்கள். ஆகவே ரெய்டரின் வலது கைப் பக்கம் இருப்பவர் எதிரணியின் லெஃப்ட் கார்னர். நோட்டில் "லெஃப்ட்" என்று எழுதினால் எப்போதும் எதிரணியின் லெஃப்ட்தான் என்று ஒரே வழக்கம் வையுங்கள். பாதி அணி ஒரு மாதிரியும் பாதி வேறு மாதிரியும் புரிந்துகொண்டிருப்பது போட்டி நடுவில்தான் தெரியவரும்.

ரெய்டரை அளப்பது

உத்தியை யோசிப்பதற்கு முன் ஒவ்வொரு ரெய்டருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி நான்கு அளவு எழுதுங்கள்.

முதலாவது, குப்புறப் படுத்துக் கையை முன்னே நீட்டினால் கால் விரலிலிருந்து கை விரல் நுனிவரை எவ்வளவு. 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு ஏறத்தாழ 210 செ.மீ. வரும். இது எதற்கு? பால்க் லைனில் காலைப் பிடித்துவிட்டார்கள் என்றால், நடுக்கோடு 3.75 மீட்டர் தூரம். 2.10 மீட்டர் உடம்பே எட்டிவிடும், இழுத்துக்கொண்டு போக வேண்டியது 1.65 மீட்டர். அதே ஆளைப் போனஸ் லைனில் பிடித்தால் 2.65 மீட்டர் இழுக்க வேண்டும். அந்த ஒரு மீட்டர் கூடும்போது, கார்னருக்கு உள்பக்கம் நிற்கும் இன், கவர் ஆட்டக்காரர்களும் வந்து மேலே விழ நேரம் கிடைத்துவிடுகிறது. எந்த ரெய்டரை எவ்வளவு ஆழம் அனுப்பலாம் என்பதை இந்த அளவை வைத்தே முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, பாட்டு. ஓரத்துக்கு ஓரம் நகர்ந்துகொண்டே, தெளிவாகக் கேட்கும்படி, மூச்சு விடாமல் "கபடி கபடி" எத்தனை வினாடி நிற்கிறது? 30 வினாடி ரெய்டுக்கு 40 வினாடி பாட்டு வேண்டும், பிடிபட்டு இழுக்கும்போது செலவாகும் மூச்சுக்கு அந்த உபரி. 25இல் திணறுகிறவனை வெற்று ரெய்டுக்கு அனுப்பக் கூடாது, குறுகிய ரெய்டுக்கு அனுப்பலாம்.

மூன்றாவது, நின்ற காலைத் தரையிலிருந்து எடுக்காமல் மற்றக் கால் எவ்வளவு தூரம் நீள்கிறது, வலது இடது இரண்டுக்கும். நான்காவது, போனஸ் லைனிலிருந்து திரும்பி நடுக்கோட்டை எட்ட எத்தனை வினாடி. ஐந்து தடவை ஓடவிட்டுச் சராசரியை எழுதுங்கள். களைத்த பிறகு, பயிற்சி முடிவில் இன்னொரு முறை எடுங்கள். இரண்டாவது எண்தான் ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் உங்கள் கையில் இருக்கப்போவது.

ஒரே நுழைவு, மூன்று முடிவு

நோட்டின் உயிர் இங்கேதான். பிடிக்கிறவர்கள் ரெய்டரின் முதல் ஐந்து வினாடியைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். போனஸுக்கு ஒரு நடை, கைத் தொடலுக்கு வேறு நடை, உதைக்கு இன்னொரு நடை என்று இருந்தால் மூன்றாவது ரெய்டிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். நுழைவு ஒன்றாகவும் முடிவு வேறாகவும் இருந்தால் அவர்கள் கடைசி நொடிவரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற செயின், அதாவது கை கோத்து நிற்பவர்கள், பிந்தியே நகரும்.

எதிரணி லெஃப்ட் கார்னர் பக்கம் போகும் நுழைவுக்கு "மேலூர்" என்று பெயர் வைத்துக்கொள்வோம். ரெய்டர் தன் வலது ஓரமாக, லாபிக் கோட்டிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே நடந்து பால்க் லைனைக் கடக்கிறார். முகம் களத்தின் நடுவைப் பார்த்து இருக்க வேண்டும், மற்ற ஆறு பேருக்கு முதுகைக் காட்டக் கூடாது. வலது கால் எதிரணிப் பக்கம், இடது கால் நடுக்கோட்டுப் பக்கம். எடை இடது காலில். அங்கிருந்து கார்னரின் முன் கால் குதிகாலைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் ஏமாற்றிவிடுவார், குதிகால் ஏமாற்றாது.

குதிகால் தரையில் படிந்திருக்கிறது, கார்னர் பின்னால் நிற்கிறார், எதிரே ஆறு அல்லது ஏழு பேர் என்றால் மேலூர் 1: போனஸ். வலது கால் போனஸ் லைனைத் தாண்டி ஊன்றும்போது இடது கால் காற்றில் இருக்க வேண்டும். இடது கால் நடுக்கோட்டுப் பக்கமாக இறங்கும்போதே வலது காலை எடுத்துவிட வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, முன்காலை ஊன்றியபின் நடுவர் கை தூக்குகிறாரா என்று பார்க்க நிற்பது. அந்த அரை நொடியில் கணுக்கால் கார்னர் கையில் இருக்கும். இன்னொரு பிழை, யாரையாவது தொட்ட பிறகு போனஸ் எடுக்கப் பார்ப்பது. தொட்டபின் போனஸ் கிடையாது.

குதிகால் மேலே எழும்பினால் கார்னர் பாயப்போகிறார். மேலூர் 2: போனஸ் அடி போலவே வலது கால் நீளும், ஆனால் லைனுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்று பின்வாங்கும். கார்னர் கணுக்காலுக்குக் குனிந்து வந்தால் அவருடைய தோளும் முதுகும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். தொட்டுவிட்டு அதே ஓரமாக வெளியே வர வேண்டும். தொட்ட பிறகு லாபியும் களத்தில் சேர்ந்துவிடுவதால் வலது பக்கம் ஒரு மீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுங்கள். தொடாமலே லாபியில் கால் வைத்தால் அவுட் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கார்னர் நிற்கிறார், ஆனால் பக்கத்தில் இருக்கும் லெஃப்ட் இன், கவர் இருவரும் மூட வருகிறார்கள் என்றால் மேலூர் 3. போனஸ் அடியைப் பாதியில் விட்டுவிட்டு, ரெய்டர் தன் இடது பக்கமாக மூலைவாட்டில் ஓடி, முன்னே வந்த கவரின் கையையோ தோளையோ ஓட்டத்திலேயே தட்டிவிட்டு, நடுக்கோட்டின் மறு பக்கம் வெளியேறுகிறார். நிற்கக் கூடாது, எட்டிப் பிடிப்பது போல் சாயக் கூடாது. சாய்ந்தால் டேஷ் (இடித்துத் தள்ளுதல்) வாங்கி வெளியே போய் விழுவார்.

ரைட் கார்னர் பக்கம் போகும் நுழைவு "திருமங்கலம்". எல்லாம் இதன் கண்ணாடிப் பிம்பம். ஆனால் எல்லா ரெய்டருக்கும் இரண்டு பக்கமும் எழுதாதீர்கள். அளவுப் பக்கத்தில் எந்தக் கால் நீளமாக எட்டுகிறதோ அந்தப் பக்கம் மட்டும் அவனுக்கு மூன்று முடிவும். மறு பக்கத்துக்கு வெற்று ரெய்டும் முடிவு 3உம் போதும்.

டுப்கியைப் பற்றி ஒரு வார்த்தை. பர்தீப் நர்வால் 2017 புரோ கபடி சீசனில் 369 ரெய்டு பாயிண்ட் எடுத்த காலத்திலிருந்து எல்லாப் பையன்களுக்கும் செயினுக்கு அடியில் குனிந்து பாய ஆசை. அது திட்டமிட்டுப் போடும் ரெய்டு அல்ல, மூடிவிட்டார்கள் என்றபின் தப்பிக்கும் வழி. ஏற்கெனவே வருகிறவன் வைத்துக்கொள்ளட்டும். வராதவனுக்கு முதல் சீசனில் மண் களத்தில் கற்றுத் தராதீர்கள். தலை கீழே போய் விழும் பழக்கம் கழுத்துக்கு ஆபத்து.

ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்றால்: மேலே பெயர், மேலூர் 2. அடுத்து யார் யாருக்கு. எதிரே எத்தனை பேர் இருக்கும்போது: 4 முதல் 7. எதைப் பார்த்து: கார்னரின் முன் குதிகால். நடுவே படம், போகும் பாதை நேர்கோட்டில், வெளியேறும் பாதை புள்ளிக்கோட்டில். கீழே, கிடைக்காவிட்டால்: பால்க் லைன் தாண்டியாகிவிட்டதா என்று உறுதி செய்து 25க்குள் திரும்பு. கடைசி வரி எப்போதும் இந்த "கிடைக்காவிட்டால்" வரியாகத்தான் இருக்க வேண்டும். அது இல்லாத பக்கத்தை வைத்துப் பழகியவன் கிடைக்காத இடத்திலும் முயன்று மாட்டுவான். யாரையும் தொடாமல் பால்க் லைனையும் தாண்டாமல் திரும்பினாலும் அவுட் என்பதை மறக்கிறவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு அதிகம்.

எண்ணிக்கைப் பக்கங்கள்

இரண்டு எண்ணை வைத்தே ரெய்டு முடிவாகிறது. எதிரே எத்தனை பேர், நம்மிடம் எத்தனை பேர்.

எதிரே 7 அல்லது 6: போனஸ் திறந்திருக்கிறது. மேலூர் 1, திருமங்கலம் 1 இங்கேதான். 5 அல்லது 4: போனஸ் இல்லை, இடைவெளி அதிகம், முடிவு 3 நன்றாக வேலை செய்யும். பிடிக்கிறவர்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து நிற்பதால் நடுவே ஓட இடம் இருக்கும். 3 அல்லது அதற்குக் கீழே: நம்மைப் பிடித்தால் அவர்களுக்கு சூப்பர் டேக்கிள், இரண்டு பாயிண்ட். மூன்று பேர்தானே என்று பாய்ந்து மாட்டுவது இங்கேதான். அவர்களை ஆல் அவுட் ஆக்கினால் நமக்குக் கூடுதல் 2 கிடைக்கிறது, ஆகவே ஆசை வரும். முதல் இரண்டு ரெய்டை வெற்றாகப் போட்டு, அவர்கள் ரெய்டு வரும்போது பிடித்து ஆளைக் குறைப்பதுதான் புதிய அணிக்குப் பாதுகாப்பான வழி. அப்போது நம்மிடம் ஆறு அல்லது ஏழு பேர் இருந்தால் அவர்கள் போனஸ் எடுக்க வருவார்கள் என்பதைப் பிடிக்கிறவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

நம்மிடம் ஆள் குறையும் பக்கம் இதைவிட முக்கியம். போனஸ் பாயிண்ட் தரும், ஆனால் வெளியே இருப்பவரை உள்ளே கொண்டுவராது. தொடலும் பிடியும்தான் கொண்டுவரும். மெயின் ரெய்டர் வெளியே உட்கார்ந்திருக்கும்போது இரண்டாவது ரெய்டர் தொடர்ந்து போனஸாக எடுத்துக்கொண்டு வந்தால் ஸ்கோர் போர்டு நன்றாகத் தெரியும், களத்தில் ஆள் கூடாது. பிறகு ஒரே ரெய்டில் இரண்டு பேர் போனால் லோனா, அதாவது ஆல் அவுட். அந்த நிலைமைக்கு நோட்டில் ஒரே ஒரு வரி: "மெயின் வெளியே என்றால் முடிவு 2 அல்லது 3."

அவுட் ஆன வரிசையிலேயே உள்ளே வருகிறார்கள். மெயின் ரெய்டர் முதலில் அவுட்டாகியிருந்தால் ஒரு தொடல் போதும், அவர் திரும்புவார். மூன்றாவதாக அவுட்டானவர் என்றால் தொடலும் பிடியுமாக மூன்று தேவை. வெளியே உட்காருபவர்களின் வரிசையை ஒரு மாற்று ஆட்டக்காரர் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். இது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் அடுத்த ரெய்டுக்கு யார் என்பதை முடிவு செய்வது இந்தத் தாள்தான்.

டூ ஆர் டை கணக்கு அணிக்கு, ஆளுக்கு அல்ல. ஒருவர் ஒரு வெற்று, இன்னொருவர் ஒரு வெற்று என்றால் மூன்றாவது போகிறவர் பாயிண்டோடுதான் வர வேண்டும். இதற்கென்று ஒருவரை முன்கூட்டியே நிறுத்துங்கள். அவர் மெயின் ரெய்டராக இருக்க வேண்டியதில்லை. மெயின் ரெய்டரை இதில் இழந்தால் இழப்பு இரட்டை. நீளமான காலும் பதறாத மனமும் உள்ள மூன்றாவது ரெய்டர் சரியான ஆள். அவருக்கு ஒரே திட்டம்: முதல் 15 வினாடி எதுவும் செய்யாதே, அவர்களை முன்னே வரவிடு. 15க்குப் பிறகு யார் முதலில் அடி எடுத்து முன்னே வருகிறாரோ அவர்தான் இலக்கு. நேரம் 30ஐத் தொட்டாலும் அவுட் என்பதால் 25இல் கை போயிருக்க வேண்டும்.

பெயரும் சைகையும்

முந்தைய ரெய்டு முடிந்த 5 வினாடிக்குள் அடுத்த ரெய்டரை அனுப்ப வேண்டும். பாட்டுத் தொடங்கிய பிறகு அவரால் பதில் பேச முடியாது. ஆக, ஒரே சொல்லில் திட்டம் போய்ச் சேர வேண்டும். மைக் செட்டும் வேட்டும் இருக்கும் திருவிழாக் களத்தில் நீளமான சொல் காதில் விழாது.

ஊர்ப் பெயர்கள் நன்றாக வேலை செய்யும். வைகைக்கு வடக்கே இருக்கும் மேலூர், அலங்காநல்லூர் எல்லாம் லெஃப்ட் பக்கம். தெற்கே இருக்கும் திருமங்கலம், அவனியாபுரம் எல்லாம் ரைட் பக்கம். பையன்களுக்கு மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. எண்ணை விரலால் காட்டுங்கள். "தம்பி, மேலூர்" என்று சொல்லி இரண்டு விரல். ஒரே தொல்லை, எதிரணியே மேலூர் அணியாக இருந்தால் கூட்டம் முழுக்க அந்தப் பெயரைத்தான் கத்தும். அதற்காக இன்னொரு ஜோடிப் பெயர் தயாராக வையுங்கள்: லெஃப்டுக்குப் "பால்", ரைட்டுக்கு "டீ". பத்து நாளுக்கு ஒருமுறை பயிற்சியில் அந்த ஜோடியையும் பயன்படுத்தாவிட்டால் அன்றைக்கு யாருக்கும் நினைவு வராது.

ரெய்டருக்கு மாற்றும் உரிமை கொடுங்கள், ஆனால் ஒரு எல்லைக்குள். நுழைவை மாஸ்டர் சொல்வார், முடிவைக் குதிகால் சொல்லும். விரலால் 1 என்று காட்டியிருந்தாலும் கார்னர் பாய்ந்துவிட்டால் 2க்கு மாறலாம். நுழைவை மாற்றக் கூடாது. மாற்றினால் அடுத்த ரெய்டுக்காக நீங்கள் போட்டு வைத்த வழி கெட்டுப்போகும்.

பழக்கும் விதம்

ஆறு வாரம் இருக்கிறது என்றால் முதல் வாரம் நோட்டை எடுக்கவே வேண்டாம், ஆடவிட்டு அளவு எடுங்கள். இரண்டு, மூன்றாம் வாரம் மேலூர் மட்டும். நான்காம் வாரம் திருமங்கலம். ஐந்தாம் வாரம் எண்ணிக்கைப் பக்கங்கள். கடைசி வாரம் புதிதாக எதுவும் கூடாது.

ஒரு முடிவுக்கு 8 தடவை, மூன்று முடிவு, மூன்று ரெய்டர்: 72 ரெய்டு. ஒன்றுக்கு 30 வினாடி என்றால் 36 நிமிடம். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறும் முன் இதுவும் பிடிப் பயிற்சியும் முடிந்துவிடும். முதலில் கார்னர் ஒருவர் மட்டும் எதிரே, பிறகு கார்னர், இன், கவர் மூவரும், அதன்பின் ஏழு பேர். முதல் நாளே ஏழு பேரை நிறுத்தினால் ரெய்டர் குதிகாலைப் பார்க்கப் பழகமாட்டார், உயிர் பிழைத்து வருவதை மட்டும்தான் பழகுவார்.

எதிரே நிற்கும் கார்னரிடம் ரகசியமாகச் சொல்லி வையுங்கள்: இந்த முறை நில், இந்த முறை பாய். ரெய்டருக்குத் தெரியக் கூடாது. எட்டில் ஆறு தடவை சரியான முடிவை எடுத்தால் அந்த ரெய்டருக்கு அந்தப் பக்கம் ஏறிவிட்டது. தொட்டாரா இல்லையா என்பது இரண்டாவது. தவறான முடிவெடுத்துத் தொட்டதை நல்ல ரெய்டாகக் கணக்கு வைக்காதீர்கள், போட்டியில் அது கைகொடுக்காது.

மண்ணும் கணக்கில் வரும். திருமங்கலம், தே.கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் களத்தில் தண்ணீர் தெளித்திருந்தால் மண் காலில் அப்பும், ஓட்டத்தில் திரும்பும் முடிவு 3 தாமதமாகும். அங்கே 1உம் 2உம். மேலூர் பக்கச் செம்மண்ணில் மேலே தளர்ந்த மணல் இருந்தால் ஊன்றும் கால் வழுக்கும், போனஸ் அடியைக் குட்டையாக வையுங்கள். மேட் எனும் விரிப்புக் களத்தில் ஷூவோடு ஆடும்போது பிடிமானம் அதிகம், வெறுங்காலோடு பழகியவன் திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொள்ளும். மேட் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே ஷூ போட்டுப் பழக்குங்கள்.

ஆட்ட நாள்

போட்டி நடத்துபவர்களிடம் முன்பே கேட்க வேண்டியவை: பாதிக்கு எத்தனை நிமிடம், போனஸ் உண்டா, டூ ஆர் டை உண்டா, சூப்பர் டேக்கிள் உண்டா, டைம் அவுட் எத்தனை. ஊருக்கு ஊர் மாற்றி வைக்கிறார்கள். போனஸ் இல்லாத போட்டி என்றால் உங்கள் நோட்டில் கால் பங்கு அன்றைக்குப் பயன்படாது, கார்னர்களும் வேறு மாதிரி நிற்பார்கள்.

முதல் ஆறு ரெய்டை முந்தின இரவே எழுதிவிடுங்கள். முதலாவது மெயின் ரெய்டர், வெற்று, இரண்டு கார்னர் பக்கமும் போய் 25 வினாடியில் திரும்ப வேண்டும். பாயிண்ட் தேவையில்லை, யார் பாய்கிறார், யார் நிற்கிறார், எந்த இருவர் கை கோத்திருக்கிறார்கள் என்ற செய்திதான் தேவை. இரண்டாவது மேலூர் 1, திறந்திருந்தால் மட்டும். திறக்காவிட்டால் மூன்றாவது டூ ஆர் டை, மூன்றாவது ரெய்டர், திருமங்கலம். அதற்குள் இரண்டு கார்னரையும் பார்த்தாகிவிட்டது. நான்கு முதல் ஆறு வரை, முதல் மூன்றில் அவர்கள் பயந்த பக்கத்தையே மறுபடி தொட வேண்டும்.

ஒருவர் தாளில் குறித்துக்கொண்டே இருக்கட்டும். ரெய்டு எண், யார், எதிரே எத்தனை பேர், என்ன பெயர், என்ன ஆனது, எங்கே பிடித்தார்கள். மூன்று ஆட்டம் முடிந்ததும் பெயர்வாரியாகக் கூட்டுங்கள். பாயிண்டிலிருந்து அவுட்டை இரண்டால் பெருக்கிக் கழியுங்கள், ஏனென்றால் ஒரு அவுட்டில் பாயிண்டும் போகிறது, ஆளும் போகிறார். பத்து முயற்சிக்கு மேல் ஆகியும் கூட்டல் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் பக்கத்தைப் பயிற்சிக்குத் திருப்பி அனுப்புங்கள். பையனுக்குப் பிடித்த உத்தி என்பதற்காக வைத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசி இரண்டு நிமிடத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். 120 வினாடியில் நான்கு ரெய்டு, நம்முடையது இரண்டு. மூன்று நான்கு பாயிண்ட் முன்னிலையில் இருந்தால் இரண்டையும் 27 வினாடி ஓட்டி வெற்றாகத் திரும்பலாம். ஆனால் அந்த நேரத்தில் நம் வெற்றுக் கணக்கு ஏற்கெனவே ஒன்று என்றால் கடைசி ரெய்டு டூ ஆர் டை ஆகிவிடும், ஓட்ட முடியாது. ஆகவே கடைசியிலிருந்து மூன்றாவது நிமிடத்திலேயே ஒரு போனஸோ தொடலோ எடுத்துக் கணக்கைப் பூஜ்யமாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். முன்னிலையில் இருந்த பல அணிகள் தோற்பது இந்த ஒரு கணக்கை விட்டதால்தான். டைம் அவுட் ஒன்று மிச்சம் வைத்திருப்பது இதற்காகவே.

நாக் அவுட்டில் சமன் ஆனால் பல போட்டிகளில் ஐந்து ஐந்து ரெய்டு வைப்பார்கள். ஐந்து வெவ்வேறு ஆள் போக வேண்டும், பால்க் லைனே போனஸ் லைனாகவும் ஆகிவிடும், யாரும் அவுட்டாகி வெளியே போவதில்லை. மூன்று ரெய்டரை வைத்துப் பழகிய அணி நான்காவது பெயர் கேட்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும். இரண்டு கார்னர்களுக்கு வாரத்துக்கு இருபது ரெய்டு வீதம் பால்க் லைன் போனஸ் மட்டும் பழக்கி வையுங்கள். 3.75 மீட்டர் போய் வருவதுதான், கற்றுக்கொள்வார்கள். ஐந்து பெயரையும் வரிசையோடு நோட்டின் பின் அட்டையில் எழுதி ஒட்டி வையுங்கள். முதலில் மெயின், கடைசியில் டூ ஆர் டை பழகிய பையன், கார்னர்கள் நடுவில்.